பொட்டிக்குள் ஒரு கரகரப்பு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சத்தம் போட ஆரம்பித்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். காலையில் சுவிட்சைப் போட்டதும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவதுபோல கரகரவென்று கத்தும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறியபின் அடங்கிவிடும். அணைத்துவிட்டு மதியம் போட்டால் மறுபடி கத்தும்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அம்மா ஊராருக்குக் காதுகுத்துப் பத்திரிகையும் தாலுகா ஆபீஸ் மனுவும் அடித்துக் கொடுப்பாள். சுருளிப்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருந்தது. அந்த வருஷம் மழையில் பூவும் பிஞ்சும் உதிர்ந்துபோய், வீடு அம்மாவின் விரல்களால்தான் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வந்ததும் வீடே கவலைப்பட்டது அதனால்தான்.

பக்கத்துத் தெருவிலேயே கம்ப்யூட்டர் சரிபார்க்கிற கடை இருந்தது. ஓடிப்போய்க் கூட்டிவரட்டுமா என்று கேட்டேன்.

"அவுகளுக்கெல்லாம் இந்தப் பொட்டி பிடிபடாது. செஞ்ச ஆளு வந்து பாத்தாத்தான் தெரியும்" என்றாள் அம்மா.

செய்த ஆள் என் தாய்மாமா, அம்மாவுக்குத் தம்பி. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. மதுரையில் பாகம் பாகமாக வாங்கிவந்து அக்காவுக்காகத் தன் கையால் பூட்டிக் கொடுத்திருந்தார்.

ஆனால் அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. மாமா வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, பத்திரிகையில் அப்பாவின் பெயர் விட்டுப்போயிருந்தது. அச்சகத்துக்காரன் செய்த தப்பு என்றார் மாமா. "பேரு மட்டுமா விட்டுப்போச்சு, ஆளே விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார். அதன்பிறகு தீபாவளி, பொங்கல் எதற்கும் மாமா எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா இரண்டு பக்கமும் சாயாமல் அடுத்தவர் வீட்டு விசேஷங்களுக்குப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மாமாவுக்குப் போன் போட்டு, "பொட்டி வெடிச்சுரும் போலருக்குடா" என்று அழாத குறையாகச் சொன்னாள். அப்பாவிடம், "ஊர்க்காரவுக பத்திரிகையெல்லாம் உள்ள கெடக்கு, முகூர்த்தம் நெருங்குது" என்றாள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அப்பா அன்றைக்குத் தோட்டத்துக்குப் போகாமல், நாற்காலியில் முகத்தை மறைத்துப் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் நான்.

மாமா பொட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டார். கரகரவென்றது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹார்ட் டிஸ்க் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார்.

"டிஸ்க்குதான் போலருக்கு" என்றார் என்னிடம்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் என்னைக் கூப்பிட்டது. "ஆத்தா, அது பேரிங் காஞ்ச சத்தம். எத்தன கெணத்து மோட்டாரு கேட்டிருக்கேன். சொல்லு."

"மாமா, அப்பா பேரிங்குனு சொல்றாக."

"மோட்டாரு வேற, கம்ப்யூட்டரு வேறன்னு அப்பாட்ட சொல்லுத்தா."

அப்பா எட்டினால் மாமாவின் முதுகைத் தொட்டுவிடலாம். இருந்தாலும் நான் திரும்பி ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இவ்வளவு பொறுப்பான வேலையை அதுவரை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

சற்று நேரத்தில் மாமாவே, டிஸ்க் என்றால் டொக்கு டொக்கென்றுதான் கேட்கும், இது ஏதோ சுற்றுகிற சத்தம் என்று முணுமுணுத்தார். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிவரச் சொல்லி, உள்ளே தெரிந்த சின்னக் காற்றாடியை அதனால் ஒரு கணம் நிறுத்தினார். கரகரப்பு நிற்கவில்லை. மிச்சம் இருந்தது பின்பக்கத்து மூடிய தகரப்பெட்டி மட்டும். எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். எல்லாவற்றுக்கும் கரண்டு கொடுக்கிற அதற்குள்ளும் ஒரு காற்றாடி உண்டு. மாமா அதன் கம்பி வலைக்குள் ஈர்க்கைவிட, அது முறிந்தது. அவசரத்தில் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரையே உள்ளே நீட்டினார்.

"மாப்ள! கைய எடு!"

பேப்பர் தரையில் கிடந்தது. அப்பா பாய்ந்துபோய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கியிருந்தார். காற்றாடி முனகிக்கொண்டே நின்றது.

"கரண்டு ஓடுற எடத்துல இரும்பக் கொண்டா குத்துவ? ஒனக்கு ஒண்ணுன்னா ஒங்க அக்காளுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

மாமா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "கவனிக்காம விட்டுட்டேன் மச்சான்" என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "அன்னைக்கும் அப்படித்தான் மச்சான். அச்சகத்துக்காரன் மேல தப்பில்ல. நாந்தான் படிச்சுப் பாக்காமக் குடுத்துட்டேன்" என்றார்.

அப்பா பேப்பரை எடுத்து மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"காப்பி குடிச்சியா?"

நான் அதை மாமாவிடம் சொல்ல வாயெடுப்பதற்குள், "இன்னும் இல்ல மச்சான்" என்று மாமா சொல்லிவிட்டார். என் வேலை போயிற்று. சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா சட்டென்று உள்ளே திரும்பிக்கொண்டாள்.

இருவரும் அப்பாவின் பைக்கில் கம்பம் போய்ப் புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கிவந்து மாட்டினார்கள். கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் ஓடியது. பழைய தகரப்பெட்டியைப் பிரித்துப் பேரிங்கைக் காட்டிவிடவேண்டும் என்று அப்பாவுக்கு ஒரே ஆசை. "கழட்டுனதுக்கப்புறமும் உள்ள கரண்டு தங்கியிருக்கும் மச்சான், தொறக்காதீக" என்றார் மாமா. "சரி மாப்ள" என்று அப்பா கையை எடுத்துக்கொண்டார். அப்பா யார் பேச்சையாவது அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

அடுத்த ஞாயிறு காலை அப்பா கம்ப்யூட்டர் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"என்னமோ சத்தம் கேக்குது. மாமாவ வரச்சொல்லுத்தா."

பொட்டியில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன். "சத்தமே இல்லப்பா."

"இருக்குத்தா. லேசா."

மாமா போடியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஆமா மச்சான், லேசா இருக்கு. எதுக்கும் அடுத்த வாரமும் வந்து பாக்குறேன்" என்றார். பிறகு இருவரும் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, திராட்சைப் பந்தலுக்கடியில் பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும் சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் கேட்கவில்லை.

பயந்துபோய் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, எனக்குக் காது செவிடாப்போச்சு போல. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ."

அம்மா என் இரண்டு காதையும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மாமா வாராகள்ல, அந்த அரிசி டப்பாவ எடு."

நான் நம்பவில்லை. பெரியவர்கள் இரண்டு பேருக்குக் கேட்கிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை என்றால் கோளாறு என்னிடம்தானே இருக்கவேண்டும்? யாருக்கும் சொல்லாமல் இரண்டு காதிலும் நல்லெண்ணெய் விட்டுக்கொண்டு, மாமா வருகிறவரை கம்ப்யூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.