முகம் ஆடாத பலகை

எப்போதும் பெர்கித் முன்னால் சறுக்கி இறங்கி வருவாள். அடிவாரத்தில், எங்கள் கடைக்கு எதிரே, இரண்டு கோல்களையும் பனியில் குத்திவிட்டு மலைக்கு முதுகைக் காட்டி நிற்பாள். கணவன் வருகிறானா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் ஆஸ்கெய்ர் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் நிற்பான். அவள் காப்பியை ஊற்றி நீட்டுவாள். பல குளிர்காலங்களாக இதை நான் பார்த்து வந்தேன்.

கடையின் பின்னறையில் சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு தேய்ப்பது, ஓரம் தீட்டுவது, பூட்ஸை மாட்டும் பூட்டுகளைப் பொருத்துவது என் வேலை. அறையின் ஒரே ஜன்னல் மலையைப் பார்த்திருக்கிறது. ஆட்களோடு பேசுவதைவிட அதன் வழியே பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு எளிது. பெர்கித் என் வகுப்பில் படித்தவள். நான் பாதியில் நின்றேன். அவள் முடித்து, அந்தப் பள்ளிச் சமையலறையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். ஆஸ்கெய்ர் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.

ஒரு குளிர்காலத்தில் அவள் தெர்மாஸின் மூடியைக் கையால் தடவித் தேடுவதைப் பார்த்தேன். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரிந்தது. அதுவும் ஒருநாள் போய்விடும்.

அதன் பிறகு ஆஸ்கெய்ர் முன்னால் போனான். "இடது... வலது... மேடு..." என்று கத்திக்கொண்டே போவான். அவனுடைய ஆரஞ்சுச் சட்டையைப் பிடித்தபடி அவள் கண் பின்னால் வரும்.

ஈஸ்டர் சமயத்தில் ஒருநாள் அவன் அப்படியே கத்திக்கொண்டு அடிவாரம் வரை வந்தான். "அவ்வளவுதான், வந்தாச்சு, நில்லு!" என்று திரும்பினான். பின்னால் யாரும் இல்லை. பெர்கித் பாதி வழியில் பிர்ச் மரங்களுக்கிடையில் விழுந்து, எந்தப் பக்கம் சரிவு என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். மீட்பு வண்டியில் கொண்டுவந்தார்கள். நேராக என் அறைக்குள் வந்து பலகைகளை மேசைமேல் போட்டாள்.

"இத வித்துடு."

"எதுக்கு பெர்கித்?"

"இவன் காத்துகிட்ட பேசிக்கிட்டே போறான். நான் விழுந்தது மரத்துக்குத் தெரிஞ்சுது, இவனுக்குத் தெரியல. போதும். நான் இனிமே வரமாட்டேன்."

ஆஸ்கெய்ர் வாசலிலேயே நின்றான். நான் பலகைகளை விற்பனைக்கு வைக்காமல், ஓரம் தீட்டி அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்.

அடுத்த பருவம் தொடங்கியதும் அவன் தனியாகக் கடைக்கு வந்தான்.

"பின்பக்கமாப் போற பலகை இருக்கா?"

கடைக்காரன் ஐவினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன ஆஸ்கெய்ர், வண்டிய ரிவர்ஸ்ல ஓட்டி ஓட்டி கால்லயும் வந்துடுச்சா?"

"அவளப் பாத்துக்கிட்டே இறங்கணும்டா. அவளும் என் மூஞ்சியப் பாக்கணும். மிச்சமிருக்கற வட்டத்துல என் முதுகு இருந்து என்ன பிரயோஜனம்?"

ஐவின் சிரிப்பை நிறுத்திவிட்டு, இளசுகள் பனிச்சறுக்குப் பார்க்கில் குதிப்பதற்கு வாங்கும் பலகையை எடுத்துக் கொடுத்தான். குட்டையானது, மெத்தென்று வளைவது. முன்னும் பின்னும் ஒரேபோல் மேலே வளைந்திருக்கும். கால் சரியாக நடுவில் நிற்கும்.

பனியால் கட்டிய மேடுகளும் இரும்புக் குழாய்களும் கிடக்கும் அந்தப் பார்க்கில் அவன் பின்பக்கமாகச் சறுக்கப் பழகினான். மேடுகளைச் செதுக்கும் ஹெட்டா என்ற பெண் தூரத்திலிருந்தே கத்துவாள். "தாத்தா, முட்டிய மடக்கு! தோள் வழியா பின்னால ஒரு பார்வை பாரு!"

"தாத்தாவா? உங்கப்பனவிட நான் சின்னவன்!" என்று சொல்லிக்கொண்டே விழுவான்.

பார்க்கில் தேறிவிட்டான். ஆனால் உச்சியில், காற்று இறுக்கிய பனியில், அந்த மெத்தென்ற பலகை கிடுகிடுவென்று உதறியது. முழு மலைக்கும் என்று செய்த அகலமான பலகையைக் கொடுத்தேன். அதன் பின்நுனியான வால் தட்டை. பின்பக்கம் போனதும் வால் பனியில் குத்தி, பொத்தென்று உட்கார்ந்தான். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடி எடுத்தேன். வாலும் வளைந்திருந்தது, ஆனால் முன்நுனியான மூக்கு அளவுக்கு இல்லை. பாதத்தின் கீழே விறைப்பு, நுனிகளில் இளக்கம்.

பூட்டை எங்கே வைப்பது என்பதுதான் பாக்கி. நடுவில் வைத்தால் பின்பக்கம் போவது சுலபம். பின்னால் தள்ளி வைத்தால் மலையில் நிதானமாக நிற்கும். ஒரு தடவை துளை போட்டால் போட்டதுதான். அதனால் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய வாடகைப் பூட்டைத் தற்காலிகமாக மாட்டினேன்.

"நடுவுலயே வையி," என்றான் ஆஸ்கெய்ர்.

"ஆழமான பனியில மூக்கு புதைஞ்சுடும்யா," என்றான் ஐவின்.

"பெர்கித்தக் கேளுங்க," என்றேன்.

"அவதான் வரமாட்டேங்கிறாளே," என்றான் ஆஸ்கெய்ர்.

"அவ பலகைய நான் விக்கல. எடுத்துட்டுப் போ."

மறுநாள் காலையிலேயே அவள் வந்துவிட்டாள். "இவன் விழறத வேடிக்கை பாக்க வந்தேன். பாக்க முடியற வரைக்கும் பாத்துக்கறேன்," என்றாள்.

பார்க்கில் அப்போது கூட்டம் இல்லை. ஹெட்டா வைத்த மேடு வைத்த இடத்திலேயே இருக்கும் என்பதால் பெர்கித்துக்கு அங்கே பயமில்லை. பிறகு லிஃப்டில் உச்சிக்குப் போனோம். நான் திருப்புளியோடு போனேன்.

முதலில் பூட்டு நடுவில். கொஞ்ச தூரத்திலேயே பெர்கித் நின்றுவிட்டாள். "உன் மூஞ்சி தட்டுல வெச்ச ஜெல்லி மாதிரி ஆடுது. எனக்குத் தலை சுத்துது."

பூட்டை நன்றாகப் பின்னுக்குத் தள்ளினேன். மறுபடியும் நின்றாள். "இப்ப ஆடல. ஆனா பயந்த மூஞ்சியா இருக்கு. பயந்தவன் சொல்றத நம்பி நான் எப்படிடா வர்றது?"

"பயப்படல!"

"கண்ணாடியில பாரு போ."

நடுவிலிருந்து இரண்டு விரல் அளவு மட்டும் பின்னால் வைத்து இறுக்கினேன். இந்தத் தடவை அவள் நிற்கவில்லை. அவன் பின்பக்கமாகவும் அவள் முன்பக்கமாகவும், கைக்கெட்டும் தூரத்தில், பிர்ச் மரங்களைத் தாண்டிப் போனார்கள். நான் பின்னால் மெதுவாக இறங்கினேன். அடிவாரத்தில் அவன் முகத்தையே பார்த்தபடி நின்றிருந்தாள்.

"இதுதான். இதுல ஆடல," என்றாள். பிறகு, "மூக்கு ஒழுகுது, தொடச்சுக்கோ."

அவன் கையுறையால் துடைத்துக்கொண்டான். கண்ணையும் சேர்த்து. அன்று மாலை அந்த இடத்தில் துளை போட்டேன்.

இப்போது பெர்கித்துக்கு அந்த வட்டமும் போய்விட்டது. வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான் தெரிகிறது. அவள் இறங்குவதற்கு அவன் குரலே போதும். "இனிமே நேராவே போயேன், கழுத்து வலிக்காது," என்று ஐவின்கூடச் சொல்லிப் பார்த்தான். "அவளுக்குத்தானே தெரியல, எனக்குத் தெரியுதே," என்றான் ஆஸ்கெய்ர்.

செவ்வாயும் வெள்ளியும் காலையில் வருகிறார்கள். முதலில் பார்க்கில் சின்ன மேடு, அப்புறம் உச்சி. அவன் பின்பக்கமாகத்தான் இறங்குகிறான்.