மூன்று மாதம் பொறுக்கச் சொன்னேன்

ஊரில், இலங்கையில், போர் முடிந்த 2009 மே மாதம் அது. கனடாவில், ஸ்காபரோவில், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு உதவும் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அரசாங்க மருத்துவக் காப்புறுதிக்கு யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன கடிதம் கொண்டுபோக வேண்டும் என்று தமிழில் விளங்கப்படுத்தி, ‘ஹெல்த் காட்’ படிவத்தை நிரப்பிக் கொடுப்பது என் வேலை.

எட்டு மாதத்தில் எனக்கு எல்லாம் அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் கணவனோ மகனோ ஸ்பொன்சர் செய்து வந்தவர்கள். அந்த நாட்களில் அவர்களுக்கு இங்கு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் காப்புறுதி தொடங்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது “மூண்டு மாசம் பொறுக்கவேணும்” என்று சொல்லியிருப்பேன்.

அன்று மத்தியானம் ஓர் அக்கா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எண்ணெய் தெறித்த சின்னச் சின்னத் தழும்புகள். அகதிக் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்ற கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வழக்கு நடந்த காலத்தில் கொடுத்திருந்த மருத்துவத் தாள் காலாவதியாகிவிட்டது, இனி ஹெல்த் காட் எடுக்க வேண்டும் என்றார்.

மேசையின் ஓரத்தில் என் வானொலி மெல்லிய சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. உண்மையில் அது பாடவில்லை. வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். என் தம்பி எங்கே என்று நான்கு மாதமாக எங்களுக்குத் தெரியாது. ஒரு காது வானொலியில் இருக்க, கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

“மூண்டு மாசம் பொறுக்கவேணும் அக்கா. ஓகஸ்ட்டில வாங்கோ, நிரப்பித் தாறன்.”

அவர் எழும்பவில்லை. “அதுக்குள்ள ஏதும் வருத்தம், நோய் வந்தா?” என்று கேட்டார்.

“கையால காசு குடுத்துத்தான் பாக்கவேணும். வருத்தம் வராமப் பாத்துக்கொள்ளுங்கோ.”

பகிடிபோல, விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் என் முகத்தையும் வானொலியையும் பார்த்தார். பிறகு “சரி தங்கச்சி” என்று சொல்லி, கடிதத்தை உறைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று கிழமை கழிந்தது. ஒரு வியாழக்கிழமை காலை, அதே மாதிரிக் கடிதத்துடன் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். என் பக்கத்து மேசையில் இருந்தவர் கோயம்புத்தூர்க்காரி, என்னைவிட ஆறு வருடம் அனுபவம் கூடியவர். நான் அவர்களுக்கு மூன்று மாதக் கதையைத் தொடங்கியதும் அவர் தான் இருந்த கதிரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“ஏங்க, இவங்க கேஸ் அக்செப்ட் ஆயிடுச்சில்ல? இவங்களுக்கு வெயிட்டிங்கே கிடையாதே. இன்னிக்கே போய் அப்ளை பண்ணலாம்.”

விதிமுறைத் தாளை எடுத்துப் பார்த்தேன். கோரிக்கை ஏற்கப்பட்ட அகதிகளுக்குக் காத்திருப்புக் காலம் இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்தத் தாள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது.

அந்தத் தம்பதியின் படிவத்தைக் கோயம்புத்தூர்ச் சிநேகிதி எடுத்துக்கொண்டார். நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த அக்காவின் பெயர் இருந்தது. முகவரி என்ற இடத்தில் ‘மோர்னிங்சைட்’ என்று அந்தப் பகுதியின் பெயர் மட்டும். தொலைபேசி இலக்கம் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு. “அதுக்குள்ள வருத்தம் வந்தா?” என்ற கேள்வி அப்போதுதான் எனக்குச் சரியாகக் கேட்டது. சும்மா யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

மேலாளரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு மோர்னிங்சைட்டுக்குப் போனேன். என்னிடம் இருந்த ஒரே துப்பு அவருடைய கைத் தழும்புகள். எங்கேயோ பொரிக்கிற வேலை செய்கிறார் என்று நினைத்தேன். சாப்பாடு கட்டிக் கொடுக்கும் தமிழ் ரேக்-அவுட் கடைகளில் ஏறி இறங்கினேன். முதல் இரண்டு கடையிலும் தெரியாது என்றார்கள். மூன்றாவது கடையில், கல்லாவில் நின்ற அண்ணை பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டினார்.

“ஓம், எங்களுக்கு ரோல்ஸ் சுத்திற அக்கா. ரெண்டு நாளா வேலைக்கு வரேல்லை. கண் ஏலாதாம். நீங்கள் ஆர்?”

யார் என்று எப்படிச் சொல்வது? “ஹெல்த் காட் அலுவலா வந்தனான்” என்றேன். அவர் வீட்டை அடையாளம் சொன்னார்.

அது ஒரு வீட்டின் பேஸ்மென்ட். கதவைத் திறந்த அக்கா என்னை நேராகப் பார்க்கவில்லை; தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்த்தார். வலது கண்ணில் மூன்று கிழமையாகக் கறுப்புப் பூச்சிகள் பறந்தனவாம். இடைக்கிடை மின்னல் வெட்டியதாம். நேற்றுப் பின்னேரத்திலிருந்து கண்ணின் ஒரு கரையிலிருந்து திரை இழுத்த மாதிரி இருட்டு ஏறிக்கொண்டு வருகிறதாம்.

“நான் சொன்னது பிழை அக்கா,” என்றேன். “உங்களுக்கு மூண்டு மாசம் இல்லை. அண்டைக்கே எடுத்திருக்கலாம். நான் கடிதத்தை ஒழுங்காப் பாக்கேல்லை.”

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்ப இண்டைக்குப் போகலாமோ?”

“காட் பிறகு எடுப்பம். முதல்ல ஆஸ்பத்திரி. அவசரத்துக்குப் போனா காட் இல்லையெண்டு திருப்பி அனுப்ப மாட்டினம். அதையும் நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவேணும்.”

அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். எனக்குச் சிவப்பு விளக்கு ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் எரிவதுபோல் இருந்தது. பிறகு அவரே சொன்னார்:

“அண்டைக்கு உங்களிட்ட வரேக்கையே பூச்சி பறந்தது. அதைத்தான் கேக்க வந்தனான். நீங்கள் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தியள். ஆரையோ தேடுறியள் எண்டு விளங்கினது. குழப்பக்கூடாதெண்டு விட்டுட்டன்.”

கண் இருட்டத் தொடங்கிய பிறகும் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்டேன். அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் வவுனியாவில் ஒரு முகாமில், சித்தியுடன் இருந்தார்கள். அட்டை இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏதாவது வில்லங்கம் வந்தால், பிள்ளைகளைக் கூப்பிடும் அலுவல் பழுதாகிவிடும் என்று பயந்திருக்கிறார். ஒரு கண்ணைக் கொடுத்தாவது பிள்ளைகளை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அவசர சிகிச்சைப் பிரிவில் அக்கா பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. பதிவு செய்த பெண் கடிதத்தைப் பார்த்தார், அட்டை இலக்கத்தை நாளைக்குக் கொண்டுவரச் சொன்னார், அவ்வளவுதான். பின்னேரம் கண் டொக்டர் வந்து சோதித்தார். நான் மொழிபெயர்த்தேன். விழித்திரை கிழிந்து, ஒரு பக்கத்திலிருந்து கழன்றுகொண்டு வருகிறது. நடுப்பகுதி இன்னும் கழலவில்லை. நாளைக்கே சத்திரசிகிச்சை செய்தால் பார்வை பெரும்பாலும் நிற்கும். இன்னும் சில நாள் விட்டிருந்தால் உறுதி சொல்ல முடியாது என்றார். கடைசி வசனத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. “நல்ல நேரத்துக்கு வந்திருக்கிறம்” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை, அரசாங்கக் காப்புறுதி அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாக நின்றோம். கவுண்டரில் இருந்தவர் கடிதத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், அக்காவை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார், இலக்கம் எழுதிய தாளை நீட்டினார். பத்து நிமிடம். வெளியே வந்து காரில் ஏறி, திறப்பைப் போட்டு வண்டியைக் கிளப்பாமல், நான் அழுதேன். அக்கா என் முதுகைத் தடவிவிட்டார். “அழாதேங்கோ, இப்ப வண்டி ஓடவேணும்” என்றார்.

அன்றே சத்திரசிகிச்சை முடிந்தது. கண்ணுக்குள் விட்ட காற்றுக் குமிழி விழித்திரையை அழுத்திப் பிடிக்க, ஒரு கிழமை முழுக்கத் தலையைக் குனிந்தபடியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வேலை முடிந்து நான் தினமும் போவேன். ரேக்-அவுட் அண்ணையின் மனைவி சூப் கொடுத்துவிடுவார். அக்கா கட்டிலின் விளிம்பில் தலையணையில் நெற்றியை வைத்துக் கவிழ்ந்திருப்பார். முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றால் நான் தரையில் மல்லாக்கப் படுக்க வேண்டும். முதல் நாள் அப்படிப் படுத்தபோது அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் அப்படிக் கிடக்கும்போது, “ரேடியோவில ஆரைத் தேடினனீங்கள்?” என்று கேட்டார். தம்பியைப் பற்றிச் சொன்னேன். வீட்டில் அம்மாவுக்கு முன்னால் நாங்கள் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. அன்று அந்தப் பேஸ்மென்ட் தரையில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

கண் கட்டை அவிழ்த்தபோது முதலில் பனிப்புகார்போல இருந்தது. கிழமைகள் போகப் போகத் தெளிந்தது. ஓகஸ்ட்டில், நான் அவரை மறுபடி வரச் சொன்ன அதே மாதத்தில், அவர் மறுபடி வேலைக்குப் போனார். தம்பி உயிரோடு ஒரு முகாமில் இருக்கிறான் என்ற செய்தியும் அந்தக் கோடையில்தான் வந்தது. அம்மாவுக்குச் சொன்ன கையோடு அவருக்குத்தான் ஃபோன் எடுத்தேன். அவருடைய பிள்ளைகள் வந்து சேர இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. இப்போது குடும்பமாக அஜக்ஸ் நகரப் பக்கம் இருக்கிறார்கள்.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். விதிகள் எத்தனையோ தடவை மாறிவிட்டன. அந்த மூன்று மாதமே பிறகு இல்லாமல் போய்விட்டது. ஆனால் மேசைக்கு முன்னால் இருப்பவர் எழும்பப் பார்க்கும்போதெல்லாம், “வேறை ஏதும் கேக்க நினைச்சு வந்தனீங்களோ?” என்று கேட்காமல் என்னால் அனுப்ப முடிவதில்லை. அந்த அக்காவின் கண் தப்பியது என் கெட்டித்தனத்தால் அல்ல, சில நாள் இடைவெளியில் கிடைத்த அதிர்ஷ்டத்தால் என்பது எனக்குத் தெரியும்.