காற்று இல்லாத ஸ்டெப்னி

மாயகிருஷ்ணன் என்றால் கோவில்பட்டியில் தீப்பெட்டி லோடு அடிக்கிற டிரைவர்களுக்கெல்லாம் தெரியும். நாகலாபுரம் லிங்கராஜ் இருக்காரே, அவர் கூடப்பிறந்த தங்கச்சி அழகுத்தாயைக் கட்டினவர். காலமெல்லாம் வடக்கே லாரி ஓட்டின மனுசன். டயரைத் தட்டிப் பார்க்காமல் வண்டியில் ஏற மாட்டார். ஓடுகிற டயரோடு விட மாட்டார், அடியில் சும்மா தொங்குகிற ஸ்டெப்னியையும் தட்டிச் சத்தம் கேட்டால்தான் அவருக்கு நிம்மதி.

அவருக்கும் அழகுத்தாய்க்கும் ஒரே பிள்ளை, பொன்மணி. பிளஸ் டூ படிக்கையில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று அவளிடம் இருந்தது. அதில் இரண்டு சிஸ்டம். ஒன்று வைரஸ் புகுந்து படுத்துவிட்டது, லினக்ஸ் என்கிற இன்னொன்று மட்டும் நின்றது. காலேஜ் முடித்து அரசு வேலைப் பரீட்சைக்குப் படித்தபோது, பாடத்தை வாய்விட்டு வாசித்து அதிலே பதிந்து வைப்பாள். பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாள். பரீட்சைக்கு முந்தின மாசம் காய்ச்சல் வந்து படுத்தவள் எழுந்திரிக்கவில்லை. மாயகிருஷ்ணன் அப்போது நாக்பூருக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முகம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் லாரி ஏறவில்லை. மகள் குரல் இருக்கிற அந்தப் பெட்டிதான் அவருக்கு வண்டியாகிவிட்டது. கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற செல்வகணேஷிடம் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். வாரம் ஒருநாள் அப்டேட் போடுவார். அது முடிகிறவரை சார்ஜரைப் பிடுங்கமாட்டார், யாரையும் கிட்டே விடமாட்டார். ஆடிக் காற்றில் கரிசல் தூசி கதவிடுக்கு வழியாக வந்து அப்புமே, அது ஃபேனில் அடைத்தால் பெட்டி கொதிக்கும் என்று செல்வகணேஷ் சொல்லியிருந்தான். பெயின்ட் பிரஷ் ஒன்று வாங்கி வைத்துத் தூசியைத் தட்டுவார். ஆயுத பூசைக்கு அழகுத்தாய் பெட்டிக்குச் சந்தனம் வைக்க வந்தால், "ஏட்டி, அந்த ஓட்டைப் பக்கம் வைக்காத. அதுக்கு மூச்சு முட்டும்" என்பார்.

நகல் எடுக்க வேண்டும் என்று சொன்னதும் செல்வகணேஷ்தான். கைக்கடக்கமாக ஒரு டிஸ்க் வாங்கிக்கொடுத்தான். முதல் திதி அன்றைக்கு, இலை போட்டுப் படைத்து முடித்ததும், மாயகிருஷ்ணன் அந்த டிஸ்கைச் சொருகினார். மகள் பேர் போட்ட ஃபோல்டரைத் திறந்ததும் அவள் தன் கையால் வைத்த பேரெல்லாம் வரிசையாக வந்து நின்றது. 'வரலாறு', 'கணக்கு', 'அம்மா சிரிச்சது'. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை அவருக்கு. நகல் ஏறுகிற பட்டை முடிந்ததோ இல்லையோ, டிஸ்கை வெடுக்கென்று பிடுங்கி, மஞ்சள் துணியில் சுற்றி, பொன்மணி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். திறந்து ஒன்றையாவது கேட்டுப் பார்க்கவில்லை. கேட்கத் தெம்பில்லை.

அடுத்தடுத்த திதிக்கும் சொருகுவார். 'இதே பேரில் ஏற்கனவே இருக்கிறது, மாற்றி எழுதவா, விட்டுவிடவா' என்று பெட்டி கேட்கும். இருக்கிற பிள்ளையை எதற்கு அழிக்கணும் என்று விட்டுவிடச் சொல்லுவார்.

அப்புறம் ஓர் ஐப்பசியில் ஒருநாள் மத்தியானம் மழை இறங்கியது. சார்ஜர் சொருகியே கிடந்தது. இடி பக்கத்திலேயே விழுந்தது. அத்தோடு பெட்டி கண் முழிக்கவில்லை.

"டிஸ்கு இருக்குல்லா, எதுக்கு முகத்தத் தொங்கப் போடுதீய?" என்று அழகுத்தாய்தான் தைரியம் சொன்னாள். இரண்டு பேரும் பெட்டியையும் மஞ்சள் துணியையும் எடுத்துக்கொண்டு செல்வகணேஷ் கடைக்குப் போனார்கள்.

அவன் டிஸ்கைத் தன் கம்ப்யூட்டரில் சொருகினான். பேரெல்லாம் அப்படியே இருந்தது. ஒன்றைத் தட்டினான், பேசவில்லை. இன்னொன்றைத் தட்டினான். அதுவும் அப்படித்தான்.

"அண்ணாச்சி, இதுல பேரு மட்டுந்தான் இருக்கு. உள்ள சைபர். நகல் ஏறுனதும் டக்குன்னு உருவிட்டீயளா?"

"பட்டை முடிஞ்சிட்டுல்லா?"

"லினக்ஸ்ல பட்டை முடிஞ்சாலும் உள்ள எழுதிக்கிட்டுத்தான் இருக்கும் அண்ணாச்சி. 'வெளியே எடு'ன்னு அமுக்கி, எடுக்கலாம்னு அது சொன்ன பொறவுதான் உருவணும். ஒருக்காகூடத் திறந்து கேக்கலையா நீங்க?"

மாயகிருஷ்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அழகுத்தாய் அவரையே பார்த்தாள்.

"ஸ்டெப்னியக்கூடத் தட்டிப் பாக்குத மனுசன்," என்றாள்.

செல்வகணேஷ் பெட்டியைப் பிரித்தான். இடி போர்டைத்தான் தின்றிருந்தது. உள்ளே இருந்த பழைய டிஸ்க் டிக் டிக்கென்று முனகிக்கொண்டு கிடந்தது. "இதுக்கு ஆயுசு கொஞ்சந்தான். முதல்ல வாரத வாரிருவோம்," என்று வேறொரு டிஸ்குக்கு மாற்ற ஆரம்பித்தான். சாயங்காலம் வரை ஓடியது. எல்லாம் ஏறி முடிவதற்குள் அந்த முனகலும் நின்றுபோனது.

"வந்தவரைக்கும் வந்திருக்கு. எது முழுசு, எது அரைகுறைன்னு கேட்டுப் பாத்தாத்தான் தெரியும். நான் கேக்கட்டுமா, நீங்க கேக்குதீயளா?"

வேற்று மனுசன் கேட்பதா என்று மாயகிருஷ்ணனுக்குத் தோன்றியிருக்கும். "நாங்க கேக்கோம்," என்றார். செல்வகணேஷ் டீ குடிக்கப் போவதுபோல வெளியே போய்விட்டான்.

முதல் குரல் வந்ததும் மாயகிருஷ்ணன் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சும்மா பாடம்தான். கட்டபொம்மன், வரி, கும்பினிக்காரன் என்று போனது. நடுவில் குக்கர் விசில், தெருவில் கோலமாவுக்காரன் கூப்பாடு. 'அம்மா சிரிச்சது' வரவேயில்லை. 'கணக்கு' முழுசாக இருந்தது. கடைசியாக ஒன்று. அதில் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக் கேட்கிறாள்.

"யம்மா, அப்பா எங்கன வாராவளாம்?"

அத்தோடு அறுந்துவிட்டது. பதில் இல்லை.

மாயகிருஷ்ணன் அந்தத் திரையையே பார்த்தார். "நீ என்னட்டி சொன்ன?" என்று கேட்டார்.

அழகுத்தாய் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "கோவில்பட்டிக்குக் கிட்ட வந்துட்டாவளாம், சோறு வடிக்கேன்னு சொன்னேன்."

இப்போது பெட்டிக்கு வேறு போர்டு போட்டாயிற்று, நகல் டிஸ்க் இரண்டு இருக்கிறது. ஒன்று வீட்டில், மழை இருட்டினால் கம்பி எல்லாம் உருவிவிடுவார்கள். இன்னொன்று நாகலாபுரத்தில் லிங்கராஜ் வீட்டு பீரோவில், துணிமணிக்கு நடுவே. ஒரே இடி இரண்டு ஊரிலும் விழாதே. திதிக்கு லிங்கராஜ் அதைக் கையோடு கொண்டுவருவார். படைத்து முடித்ததும் இரண்டையும் சொருகி, ஒன்று விடாமல் கேட்கிறார்கள். பொழுது பூராவும் ஆகும். யாரும் அவசரப்படுவதில்லை. கடைசிக் குரல் வந்து, அந்தக் கேள்வியோடு அறுந்து நிற்கும். உடனே அழகுத்தாய் பதில் சொல்லுவாள். அவள் சொல்லி முடித்த பிறகுதான் மாயகிருஷ்ணன் 'வெளியே எடு' என்று அமுக்குவார்.