இருபது கிலோ மிளகுக்கு ஒரு படம்

மகளின் கல்யாண ஆல்பத்தில் நான் பதினோரு படங்களில் இருக்கிறேன். ஒன்பதில் தட்டு பிடிக்கிறேன், ஒன்றில் முதுகு, மிச்சம் ஒன்றில் சம்பந்தியின் தோளுக்குப் பின்னால் பாதி முகம். நாற்பத்தாறு வயதில் அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நான் மட்டும் இருக்கிற மாதிரி, அழகாக ஒரு படம் வேண்டும். ஒரே ஒரு தடவை போதும்.

கல்யாணப் படம் எடுத்தவள் சேந்தமங்கலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பெண். "பூடுவார்னு ஒண்ணு இருக்குங்கக்கா" என்றாள். ஒரு பெண்ணை அவளுடைய படுக்கையறையிலேயே, அவளுக்குப் பிடித்த கோலத்தில், அவளுக்காகவே படம் எடுப்பதாம். பன்னிரண்டாயிரம் ரூபாய். அன்றைய விலைக்கு இருபது கிலோ மிளகு!

"ரூம் என்னுது, கட்டில் என்னுது, சேலை என்னுது, உடம்பும் என்னுது. இருபது கிலோவுக்கு உன்னுது என்ன சாமி?"

அவள் சிரித்தாள். இரண்டு விளக்கு, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எங்கள் மலைக்கு எழுபது வளைவு ஏறப் பெட்ரோல், பத்துப் படம் போட்ட ஆல்பம், மிச்சப் படங்களை என் கண் முன்னாலேயே அழிப்பது என்று வரிசையாகச் சொன்னாள். "அப்புறம் உங்களுக்கு வெக்கம் தெளியற வரைக்கும் நான் காத்திருக்கோணும். பாதிக் காசு அதுக்குத்தானுங்க." அந்த நியாயம் எனக்குப் புரிந்தது.

என் வீட்டுக்காரர் கொத்தமல்லிக் கட்டுக்கே அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர். "ஒத்தையா, பெருசா ஒரு படம் எடுத்துக்கறேனுங்க. பன்னெண்டாயிரமாமுங்க" என்று பயந்து பயந்துதான் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே மிளகை விற்றுப் பணத்தை என் கையில் வைத்தார். இத்தனை வருஷம் இந்த மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று உருகிப்போனேன்.

அந்தப் பெண் விளக்குகளோடு வந்தாள். அறையில் கிடந்த மிளகு மூட்டைகளை எடுக்க வேண்டாம், அதுவும் படத்துக்கு நன்றாயிருக்கும் என்றாள். ரவிக்கையில்லாமல் கடுகு நிறச் சேலையைச் சுற்றி, முடியை அவிழ்த்துவிட்டு, மூட்டைமேல் சாய்ந்தேன். கண்ணைக் கிறக்கமாக வைக்கச் சொன்னபோதெல்லாம் தும்மல் வந்தது.

பத்தாவது தும்மலுக்கு வாசலில் ஜீப் சத்தம். ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினேன். மலையின் அந்தப் பக்கம் குண்டூர் நாட்டிலிருந்து என் நாத்தனார், ஒரு வாழைத்தாரோடும் நான்கு சொந்தக்காரர்களோடும், ஓவென்று அழுதபடி இறங்கினார்.

"ஏனுங்க நங்கையா, யாருக்கு என்ன ஆச்சு?"

"உனக்குத்தான் கண்ணு! தைரியமா இரு."

"நான் நல்லாத்தானுங்க இருக்கேன்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க கண்ணு."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தனியாக, பெரிதாகப் படம் பிடித்தால் அது சுவரில் மாட்டி மாலை போடுவதற்குத்தான். போதாததற்கு, முந்தின வாரம் நான் நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வேறு போய் வந்திருந்தேன். என் வீட்டுக்கார மகராசன் இரண்டையும் முடிச்சுப் போட்டு எனக்கு நாள் குறித்து, சொந்தபந்தத்துக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்!

போர்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே ஓடினேன். பலாமரத்தடியில் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் எத்தனை நாளுன்னு சொன்னாரு புள்ள?"

"இடுப்பு வலிக்கு ஊசி போட்டு அனுப்புனாருங்க!"

துண்டை எடுத்தார். முகத்தில் நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே கோபமும் வந்தது. "அப்புறம் எதுக்குப் புள்ள இருபது கிலோ மிளகு?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! அத்தனை பேர் முன்னாலும் போர்வையோடு நின்று கத்தினேன். "சாகப்போறவளுக்குன்னதும் வாய் பேசாமக் குடுத்தீங்க. உசுரோட இருக்கறவளுக்குக் குடுக்கக் கை வராதுங்களா?" சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

நாத்தனார் தன் அழுகையை நிறுத்திவிட்டு, தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து உரித்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவிழ்ந்த முடி, கலைந்த மை, மூக்கு நுனியில் மிளகுத் தூசி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் அப்படி நின்று என்னைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேமராவோடு வாசலில் விழித்துக்கொண்டு நின்ற பெண்ணிடம் போனார்.

"இன்னொரு பத்துப் படம் சேர்த்து எடு சாமி" என்றார். "எத்தனை கிலோன்னு அப்புறம் சொல்லு."