காம்பராவில் வைத்த கைநாட்டு

"பேத்திங்க. நேத்தோட மூணு மாசம் முடிஞ்சிருச்சு. நெத்தியப் பாருங்க, அப்படியே எங்க பக்கம்."

பதுளை நீதிமன்ற விறாந்தையில் என் பக்கத்தில் இருந்த பொலிஸ்காரரிடம், அவர் கேட்காமலே சொன்னேன். பயம் வந்தால் என் வாய் நிற்காது. மடியில் பேத்தியும் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

பிள்ளையின் அம்மா, என் மகள் லக்ஷிகா, உள்ளே சட்டத்தரணி கனகசுந்தரம் ஐயாவுக்குப் பின்னால் கோப்புகளோடு நின்றாள். ஆறு வருடமாக அவருக்கு உதவியாளர். தெமோதரைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் நின்ற அப்பன் எனக்குச் சட்டம் தெரியாது. அவள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, தவணை, சத்தியக் கடதாசி என்று நானும் பேசுவேன்.

அன்றைய பயமும் ஒரு சத்தியக் கடதாசியால் வந்ததுதான்.

எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில் இருப்பவர் அழகையா. அவர் மகன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டதால், தோட்டத்தில் வேலை செய்ய ஆள் இல்லை, காம்பராவை விடு என்று நிர்வாகம் வழக்குப் போட்டது. பிறந்து வளர்ந்தது அங்கேதான் என்று அவர் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, இப்படியான கடதாசிகளை உறுதிப்படுத்த அரசு நியமித்த சமாதான நீதவானின் கண் முன்னால் கைநாட்டு வைக்க வேண்டும். சட்டம் அப்படி.

தோட்டத்தில் நடப்பது வேறு. வீட்டிலேயே கைநாட்டு வைத்து, டவுனுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். பெரிய மனிதரைக் காக்க வைக்கக் கூடாது, அவர் மேசையில் மை படக் கூடாது என்ற மரியாதை. லக்ஷிகா இந்தப் பழக்கத்துக்காக எத்தனையோ பேரிடம் சண்டை பிடித்தவள்.

ஆனால் அந்தக் கிழமை முழுவதும் அழகையாவின் காலில் பெரிய புண். படி இறங்க முடியவில்லை. இங்கே பிள்ளை பாலுக்கு அழுகிறது, பஸ் வருகிற நேரம். லக்ஷிகா மைப் பெட்டியோடு ஓடிப்போய், காம்பராவிலேயே அவர் பெருவிரலைப் பிடித்துக் கடதாசியில் வைத்துவிட்டாள். பிறகு பஜாரில் கடை வைத்திருக்கும் அலவி முதலாளியிடம் போனாள். அவர்தான் சமாதான நீதவான்.

"அழகையா எங்க மகள்?"

"கால் முடியல முதலாளி. நான் பாக்கத்தான் வச்சாரு."

"நீ சொன்னா சரிதான்" என்று பிஸ்கட் பெட்டியின் மேலேயே வைத்து, 'என் முன்னிலையில் வைக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

வழக்குக்கு முதல் நாள்தான் தெரிந்தது, எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி அழகையாவைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கப் போகிறார் என்று. கைநாட்டை எங்கே வைத்தீர் என்று கேட்டால் என்ன ஆவது? கடதாசி செல்லாது. காம்பரா போகும். லக்ஷிகாவின் வேலையும் போகும், பொலிஸ் வரைக்கும் கூடப் போகலாம்.

காலையில் பஸ் நிறுத்தத்தில் நான்தான் சொன்னேன்: "வாய மூடிக்கிட்டு இரு. கடையில வச்சேன்னு கெழவருக்குச் சொல்லிக் குடுத்தா முடிஞ்சு போச்சு." அவள் ஒரு பதில் சொன்னாள். அதன்பின் பதுளை வரைக்கும் நான் பேசவில்லை.

நீதிமன்றம் கூடுவதற்கு முன் விறாந்தையில் வைத்து ஐயாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆறு வருஷமா நான் உமக்கு என்ன படிப்பிச்சனான், பிள்ளை?"

"முன்னால வச்சாத்தான் கைநாட்டு, சேர்."

"அப்ப இது என்ன?"

"பொய், சேர்."

ஓட்டோவில் வந்து இறங்கியிருந்த அழகையா குறுக்கிட்டார். "புள்ளைய ஏசாதீங்கய்யா. வெரல் என்னோடது தானே? கழுவிட்டு இன்னொருக்கா வைக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. மூவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. பிள்ளை விழித்துவிடுமே என்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்த லக்ஷிகா என்னைப் பார்க்காமலே ஓடினாள். அந்தக் கடதாசி சரியில்லை என்று ஐயாவே எழுந்து சொல்லி, அதைத் திருப்பி எடுக்க அனுமதி கேட்டிருக்கிறார். புதியதை இரண்டு மணிக்குள் கொடுக்கச் சொல்லி நீதிபதி விட்டிருக்கிறார். அதைத் தட்டச்சில் அடித்து எடுத்து, அழகையாவுக்கு ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினாள். பிறகு இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போய், வேறொரு சமாதான நீதவான் முன்னால் இருத்தினார்கள். அவர் பார்த்திருக்கக் கைநாட்டு விழுந்தது. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அடுத்த தவணை அடுத்த மாதம். அதுவரைக்கும் காம்பரா அழகையாவுக்குத்தான்.

ஐயா லக்ஷிகாவிடம் கையை நீட்டி அலுவலகச் சாவியை வாங்கிக்கொண்டார். "திங்கக்கிழமை வாரும். வந்தாப்பிறகு கதைப்பம்." வேலை இருக்கிறதா இல்லையா என்று அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

லக்ஷிகா பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிப் பால் கொடுக்க ஒதுங்கினாள். அவள் விரலெல்லாம் மை. காலையில் பஸ் நிறுத்தத்தில் அவள் சொன்ன பதில்தான் எனக்கு மறுபடி கேட்டது:

"அழகையா தாத்தாவுக்குப் பொய் சொல்ல வராதுப்பா. எனக்கு அன்னைக்குக் கடையில அந்தப் பொய்க்கு முத்திரை வாங்கத் தானா வந்திருச்சு. அதான் பயமா இருக்கு."