சகலையின் ஆடும் தகடுகள்

கவின்கலைக் கல்லூரியில் படித்தபோது அந்தச் சிற்பிக்கு 'களிமண்' என்று பெயர். எந்நேரமும் முழங்கை வரை மண்ணோடு திரிந்ததால் வந்தது. கூடப் படித்தவன் 'காற்றாடி'. கம்பி, தகரம் என்று எதையாவது கட்டித் தொங்கவிட்டு ஊதிப் பார்த்துக்கொண்டிருப்பான். தேர்வில் களிமண் முதல் ஆள், காற்றாடி கடைசி. பிறகு ஒரே வீட்டில் அக்காவைக் களிமண்ணும் தங்கையைக் காற்றாடியும் கட்டிக்கொள்ள, இருவரும் சகலைகள் ஆனார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

களிமண் மார்பளவுச் சிலைகள் செய்து பிழைத்தார். பள்ளி நிறுவனர், காலமான மருத்துவர், யாரோ ஒரு தலைவர். குடும்பத்தார் பட்டறைக்கு வந்து, "மூக்கக் கொஞ்சம் சின்னதாக்குங்க, நெத்தியில முடி வைங்க" என்பார்கள். வைத்துக் கொடுப்பார். வேலைக்குக் குறைவில்லை. வீட்டில்தான் நிம்மதி இல்லை.

"தங்கச்சி வீட்டுக்காரரப் பத்திப் பேப்பர்ல போட்டிருக்கான், பாத்தீங்களா?" என்று மனைவி காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு டீகூடக் கசக்கும்.

காற்றாடியின் கண்காட்சித் திறப்புக்குப் போகாமல் தப்ப முடியவில்லை. கூடத்தின் நடுவே கறுப்புத் தகடுகள் கம்பிகளில் தொங்கின. மேலே சிறு மோட்டார். ஒன்று திரும்பினால் இன்னொன்று விலகும். சுவர் முழுக்க நிழல்கள் கூடிப் பிரிந்தன.

பேச வந்த பேராசிரியை சொன்னார்: "ரொம்பக் காலமா சிலை நின்னுச்சு, நாம சுத்தி வந்தோம். ரயிலும் இயந்திரமும் வந்து உலகமே ஓட ஆரம்பிச்சப்போ, சிலை மட்டும் ஏன் நிக்கணும்னு போன நூற்றாண்டுல சிலர் கேட்டாங்க. கல்லு, மண்ணு மாதிரி அசைவையும் ஒரு பொருளா எடுத்துக்கிட்டாங்க. நவீனக் கலையில அது பெரிய திருப்பம்."

களிமண்ணுக்கு வயிறு பற்றி எரிந்தது. 'அப்போ நான் செய்றதெல்லாம் என்ன, பொம்மையா?' நின்றுபோகட்டும் என்று மனதுக்குள் சபித்தார்.

நின்றுபோனது. மோட்டார் ஒருமுறை முனகியது. தகடுகள் தயங்கித் தயங்கி ஓய்ந்தன. களிமண்ணின் முகம் மலர்ந்தது. ஆனால் கூட்டம் மூச்சை அடக்கி அண்ணாந்து பார்த்தது. ஒரு தகடு மட்டும் கடைசியாக மெல்லத் திரும்பி அடங்கியதும் கைதட்டல் கிளம்பியது. அதுவும் படைப்பின் ஒரு பகுதி என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

காற்றாடி வியர்த்துப்போய் அவரை ஓரமாக இழுத்தான். "சகலை, மோட்டார் படுத்துடுச்சுடா. வெளிய சொல்லிடாத."

"சொல்லமாட்டேன்" என்றவர், வீடு திரும்பும் பஸ்ஸிலேயே மனைவியிடம் சொல்லிவிட்டார்.

மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இருக்கட்டும். நின்ன பிறகும் யாரும் கண்ண எடுக்கலயே" என்றார்.

அந்த வாரமே, களிமண் பட்டறையை மதியம் பூட்டிவிட்டு யாருக்கும் சொல்லாமல் கண்காட்சிக்குத் தனியாகப் போனார். மோட்டாரைச் சரிசெய்திருந்தார்கள். குறை கண்டுபிடிக்கத்தான் போனார். தகடுகள் ஒன்றையொன்று தொடப்போய் விலகுவதைப் பார்த்து நின்றவருக்கு நேரம் போனதே தெரியவில்லை. காவலாளி வந்து, "சார், மூடப்போறோம்" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் களிமண், எரிச்சலோடு.

அந்த வார்த்தையைச் சகலையிடம் அவர் இன்றுவரை சொன்னதில்லை. பொறாமையும் தீரவில்லை. பட்டறைக்கு வருபவர்கள் காற்றாடியின் பேரை எடுத்தால் மட்டும், மூக்கைச் செதுக்கிக்கொண்டே, "எங்கூடப் படிச்சவன்தான், அப்பவே அப்படித்தான்" என்பார்.