முனியப்பனுக்குப் படைத்த சாராயம்

நான் மாட்டு வண்டிக்காரன். பதுளைக் கடையில இருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசி மூட்டை ஏத்திட்டுப் போறவன். அம்மன் முன்னால, உங்க எல்லார் முன்னாலயும் நிக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். போன ஆடியில என் பெண்சாதி செல்லம்மாவை நானே கொன்னுடப் பார்த்தேன்.

அப்போ காலையில எழுந்தா கை நடுங்கும். மாட்டுக் கயித்தைப் பிடிக்க ஏலாது. ஒரு வாய் சாராயம் இறங்கினாத்தான் நடுக்கம் நிக்கும். சோறு செல்லாது. கண்ணு மஞ்சளாயிடுச்சு, வயிறு பானையாட்டம் வீங்கிடுச்சு. செல்லம்மா காலைப் பிடிச்சு அழுவா. நான் ஏசுவேன். சீ, என்ன மனுசன் நான்!

அப்புத்தளையில இருந்து பெரகலைக்கு இறங்குற பாதை உங்களுக்குத் தெரியும். இறக்கம் தொடங்குற இடத்துல முனியப்பன் கல்லு இருக்கு. வண்டிக்காரங்க அங்க நிப்பாட்டி சாராயம் படைப்போம். கல்லு மேல நாலு சொட்டுத் தெளிப்போம். மிச்சத்தைப் பிரசாதம்னு குடிப்போம். அன்னைக்கு நான் ஒரு முழுப் போத்தலைப் படைச்சேன். எவ்வளவு பக்தி பாருங்க!

இறக்கத்துல சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டணும். இல்லாட்டி மாடு பாரம் தாங்காது. கொஸ்லந்தைத் தோட்டத்து லயத்துல இருக்கிற அவ அண்ணன் வீட்டுக்குப் போறதுக்காக செல்லம்மா மூட்டை மேல உக்காந்திருந்தா.

“சங்கிலி பூட்டலையேங்க”ன்னா.

“எனக்கே வண்டி ஓட்டப் படிச்சுக் குடுக்குறியா? வாயை மூடு”ன்னேன்.

ரெண்டாவது வளைவுல வண்டி மாட்டைத் தள்ளிக்கிட்டு ஓடி, குடை சாஞ்சிடுச்சு. ஒரு மாடு பள்ளத்துல விழுந்து செத்துச்சு. செல்லம்மா மூட்டைக்கு அடியில கிடந்தா. கூப்பிட்டேன், பேச்சு மூச்சில்ல. போதையில என்னால ஒரு மூட்டையைப் புரட்ட முடியல. ஐயோ, அந்த நேரம் எதிரிக்கும் வரக் கூடாது.

கொழுந்து எடுக்கிற சனம் ஓடி வந்து அவளைக் கம்பளியில தூக்கிட்டுப் போச்சு. தோட்டத்து மருந்து ஐயா பார்த்துட்டு, “பிழைக்கிறது கஷ்டம்”னார். அப்புறம் என் கண்ணைப் பார்த்தார். “உன் ஈரலும் கெட்டுப் போச்சுடா. இனிக் குடிச்சா நீயும் போயிடுவ.”

தோட்டத்து மாரியாத்தா கோயில்ல போய் விழுந்தேன். “ஆத்தா, சாமி பேரைச் சொல்லி என் வாயில ஊத்திக்கிட்டேன். அவளை விட்டுடு. இனித் தொட்டா என்னை எடுத்துக்க.”

மூணு நாள் அவ கண்ணு முழிக்கல. நான் குடிக்காம கிடந்தேன். உடம்பு உதறிச்சு. சுவத்துல பாம்பு ஊர்ற மாதிரி தெரிஞ்சிச்சு. ஓடிப்போய்க் குடிச்சிடலாம்னு எத்தனை தரம் எழுந்தேன் தெரியுமா? ஆத்தாதான் மறிச்சா.

மூணாம் நாள் மத்தியானம், “தண்ணி”ன்னா. குவளையை எடுத்தேன். கை நடுங்கி அவ நெஞ்செல்லாம் கொட்டிட்டேன். சாகக் கிடந்தவ, என் மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்திக் குடிச்சா. ஆத்தா கேட்டுட்டா. நான் வாய்விட்டு அழுதேன்.

செல்லம்மாவுக்கு இடது கால் இன்னும் மடங்காது. அவ நொண்டுறதைத் தினமும் பார்க்கிறேன், நெஞ்சு வேகுது. ஆனா இருக்கா. நானும் இருக்கேன். முனியப்பனுக்கு இப்போ தேங்காய்தான் உடைக்கிறேன். சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல.

இந்தக் கூட்டத்துல கை நடுங்க நிக்கிறவங்க இருக்கீங்க. எனக்குத் தெரியும். வெக்கப்படாதீங்க. ஆத்தாகிட்ட சொல்லிட்டு நேரா என் வீட்டுக்கு வாங்க, மருந்து ஐயாகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். முதல் மூணு நாள் பொல்லாதது. பக்கத்துல நானும் செல்லம்மாவும் இருப்போம்.